அலர்ஜி மூக்குள்ள குழந்தைக்கு சைனஸ் ஆபரேஷனா? எந்த வரிசையில் போக வேண்டும்: முழுமையான வழிகாட்டி

காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவது என் வேலையில் பெரும்பகுதி. அங்கே அடிக்கடி பார்ப்பது வரிசை மாறிப்போவதைத்தான். அலர்ஜிக்கான மூக்கு ஸ்ப்ரேயை ஒழுங்காக ஒரு மாதம் கூட அடிக்காமல் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆபரேஷன் முடிந்த மறுவாரமே அலர்ஜி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

சைனஸ் என்பது மூக்கைச் சுற்றி முக எலும்புக்குள் இருக்கும் காற்று அறைகள். சைனஸ் ஆபரேஷன் செய்யும் வேலை ஒன்றுதான்: அந்த அறைகளின் அடைபட்ட வாசலை அகலப்படுத்தி, உள்ளே தேங்கிய சளி வெளியே வர வழி விடுகிறது. அலர்ஜி இருப்பது மூக்கின் உள்சவ்வில். அதை எந்தக் கருவியாலும் வெட்டி எடுக்க முடியாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த இடத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

1. அவசரம் இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

கண் இமை வீங்கிச் சிவப்பது, கண் முன்னே தள்ளிக்கொண்டு வருவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கண்ணை அசைக்க முடியாமல் போவது, தாங்க முடியாத தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, குழந்தை சோர்ந்து மயங்கிக் கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு, அன்றே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சைனஸ் அறைக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது. சீழ் அதைத் தாண்டினால் மணிக்கணக்கில் நிலைமை மாறும்.

ஒரே பக்க மூக்கிலிருந்து நாற்றத்தோடு சளி வருகிறதா? சின்னக் குழந்தையென்றால் மணி, பஞ்சு, பென்சில் ரப்பர் ஏதாவது உள்ளே மாட்டியிருக்கலாம். பட்டன் பேட்டரி மாட்டியிருந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். இதை மாதக்கணக்கில் 'சைனஸ்' என்று சொல்லி ஆண்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

2. ஓ.பி.க்குப் போகும் முன் ஒரு நோட்டு போடுங்கள்

குறைந்தது நான்கு வாரம் எழுதுங்கள். தினமும் இரவு ஒரே வரி போதும். சளி தண்ணீராக இருந்ததா, கெட்டியாக இருந்ததா? தும்மல், கண் அரிப்பு உண்டா? இரவில் இருமினானா? வாயைத் திறந்துகொண்டு தூங்கினானா, குறட்டை விட்டானா? பள்ளிக்கு லீவா? எந்த மருந்து, எத்தனை நாள்? இவ்வளவுதான்.

'எப்பவுமே சளிதான் டாக்டர்' என்று சொன்னால் டாக்டரால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. பள்ளி வயதுக் குழந்தைக்கு வருடத்தில் 6 முதல் 8 முறை சாதாரண ஜலதோஷம் வருவது இயல்பு. ஒவ்வொன்றும் பத்து நாள் இழுத்தால், பெற்றோர் கண்ணுக்கு அது நிற்காத சளியாகத்தான் தெரியும். நடுவில் முழுதாகத் தெளிந்த நாட்கள் இருந்தனவா என்பதை நோட்டுதான் காட்டும். நாள்பட்ட சைனஸ் நோய் என்று சொல்ல, அறிகுறி விடாமல் 12 வாரம் நீடித்திருக்க வேண்டும்.

3. மூக்கு அலர்ஜியா, சைனஸா, அடினாய்டா என்று பிரியுங்கள்

தண்ணீராக ஒழுகல், காலையில் வரிசையாகத் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேல் குறுக்காக ஒரு கோடு: இது அலர்ஜியின் முகம். சைனஸ் என்றால் கெட்டியான சளி, தொண்டைக்குள் இறங்கும் சளி, பகலிலும் இரவிலும் இருமல், வாய் நாற்றம். பெரியவர்களைப் போலக் குழந்தைகள் 'முகம் கனக்கிறது' என்று சொல்வது குறைவு. அவர்களுக்கு இருமல்தான் பெரிய அறிகுறி.

மூன்றாவது ஆள் அடினாய்டு. மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே இருக்கும் சதை இது. 3 வயதிலிருந்து 7 வயது வரை பெரிதாக இருக்கும், பிறகு மெல்லச் சுருங்கும். குறட்டை, வாய் திறந்த தூக்கம், டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது (காதுக்குள் நீர் கோத்திருக்கும்) எல்லாம் இதன் வேலை. கெட்டிச் சளியும் இருமலும் கூட இதனால் வரும். அப்படியே சைனஸ் போலத் தெரியும்.

மெல்லிய எண்டோஸ்கோப்பை (கேமரா வைத்த குழாய்) மூக்கில் விட்டு டாக்டர் பார்ப்பது இந்த மூன்றையும் பிரிக்கத்தான். மரத்துப்போகும் மருந்து அடித்துவிட்டுப் பார்ப்பார்கள், ஒரு நிமிட வேலை. குழந்தையை மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் இரண்டு கைகளையும் அணைத்துப் பிடியுங்கள். 'ஒண்ணுமே இருக்காது' என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த முறை நம்ப மாட்டான். 'கூச்சமா இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்' என்று சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில் எக்ஸ்ரே எடுப்பதால் பெரிய பயன் இல்லை. சைனஸ் எக்ஸ்ரேயில் தெரியும் வெண்மை சாதாரண ஜலதோஷத்திலும் தெரியும். சளி பச்சையாக, மஞ்சளாக இருப்பதும் பாக்டீரியாவுக்கான சான்று அல்ல.

4. அலர்ஜி டெஸ்ட்: எது, எப்போது

தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டில் 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். டெஸ்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பிருந்தே செட்ரிசின், லெவோசெட்ரிசின் போன்ற அலர்ஜி மருந்துகள் உள்ளே போயிருக்கக் கூடாது. எத்தனை நாள் என்பதை டெஸ்ட் செய்யும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நிறையப் பேர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். முந்தின நாள் சளி சிரப் கொடுத்திருப்பார்கள், அதற்குள்ளேயே அந்த மருந்து இருக்கும். தோல் வீங்காது, 'அலர்ஜி இல்லை' என்று தவறாக முடிவு வரும். ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தவே முடியாத குழந்தைக்கும், உடம்பெல்லாம் தோல் நோய் உள்ள குழந்தைக்கும், குறிப்பிட்ட பொருளுக்கான ஐ.ஜி.இ. (அலர்ஜியில் ரத்தத்தில் ஏறும் புரதம்) ரத்தப் பரிசோதனை உண்டு.

மொத்த ஐ.ஜி.இ. என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். வயிற்றில் புழு இருந்தாலும் அது ஏறும். வீட்டுத்தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய தூசிச்சிலந்தியா, கரப்பானா, பூனையா, பூஞ்சையா என்று தெரிந்தால்தான் ஆறாவது படியில் என்ன செய்வது என்று தெரியும்.

5. மூக்கைக் கழுவுவதும் ஸ்ப்ரே அடிப்பதும்

மொத்த வழிகாட்டியில் நான் நேரம் செலவழிக்கச் சொல்வது இந்தப் படிக்குத்தான். 'ஸ்ப்ரே வேலை செய்யவில்லை' என்று வருகிற பெற்றோரிடம் 'எனக்கு முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள்' என்பேன். பெரும்பாலும் மருந்து தொண்டைக்குள்தான் போகிறது.

முதலில் கழுவல். சளிப் படலத்தின் மேல் மருந்து விழுந்தால் சவ்வைத் தொடாது, அதனால் கழுவல் முன்னே, ஸ்ப்ரே பின்னே. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புப் பொட்டலம்தான் எளிது. வீட்டில் கலக்குவதென்றால் கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும். ஒருமுறை எரிந்துவிட்டால் குழந்தை மறுபடி பக்கத்தில் வராது.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே வேண்டாம். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் நேரடியாக மூக்கில் விடக் கூடாது. நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விட்டு, ஆறவைத்து, வெதுவெதுப்பாகப் பயன்படுத்துங்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அங்கே மூன்று நிமிடம். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது; கேரளத்தில் 2024-இல் அந்த நோய் குழந்தைகளைத் தாக்கியது நினைவிருக்கும். பாட்டிலையும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

குழந்தை வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயைத் திறந்து 'ஆ' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மெதுவாக அழுத்துங்கள். 'ஆ' சொல்லும்போது அண்ணம் மேலே ஏறுவதால் தண்ணீர் தொண்டைக்குள் இறங்குவது குறையும். பாட்டில் கழுவலுக்கு ஒத்துழைக்காத சின்னக் குழந்தைக்கு உப்புநீர்ச் சொட்டு அல்லது உப்புநீர் ஸ்ப்ரேயே போதும்.

பத்து நிமிடம் கழித்து ஸ்டீராய்டு ஸ்ப்ரே. பாட்டிலைக் குலுக்குங்கள். புதிதென்றால் மெல்லிய புகைபோல வரும்வரை காற்றில் அழுத்துங்கள். தலை லேசாக முன்னே சாய்ந்திருக்கட்டும், அண்ணாந்து பார்க்கக் கூடாது. வலது கையால் இடது மூக்குக்கும், இடது கையால் வலது மூக்குக்கும் அடியுங்கள். அப்படி மாற்றிப் பிடித்தால் முனை தானாக நடுச்சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். 'ஸ்ப்ரேயால் ரத்தம் வருது' என்று நிறுத்துவோர் பலருக்கும் முனை திரும்பியிருப்பதே காரணம். அடித்ததும் பலமாக உறிஞ்சச் சொல்லாதீர்கள், மெதுவாக மூச்சு இழுத்தால் போதும்.

மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன் ஃபியூரோயேட் ஸ்ப்ரேக்கள் 2 வயதிலிருந்தும், ஃபுளூட்டிகசோன் புரோப்பியோனேட் 4 வயதிலிருந்தும் கொடுக்கப்படுகின்றன. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். மூன்றாம் நாளே 'ஒன்றும் தெரியவில்லை' என்று விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பாட்டி பயப்படுவார். இந்த மருந்துகள் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்கின்றன, ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து எழுதி வையுங்கள்.

மூக்கை உடனே திறந்துவிடும் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் சொட்டுகள் வேறு வகை. அவற்றை மூன்று, மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாது. தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரை, சிரப் பற்றியும் கேளுங்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. வெறும் மூக்கு அலர்ஜிக்கு, மற்ற மருந்துகள் பலிக்காதபோதுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. மருந்து தொடங்கியதும் குழந்தையின் சுபாவம் மாறினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. வீட்டில் மாற்ற வேண்டியது

தூசிச்சிலந்திதான் காரணம் என்றால் படுக்கையில் தொடங்குங்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணை, மெத்தை, பஞ்சு பொம்மை எல்லாம் அது தங்கும் இடம். உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெயிலில் உதறினால் மட்டும் அலர்ஜிப் பொருள் போகாது. குழந்தை இருக்கும்போது ஒட்டடை அடிக்காதீர்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி, வீட்டுக்குள் சிகரெட் எல்லாம் நிற்க வேண்டும். அப்பா வாசலில் நின்று புகைத்தாலும் சட்டையோடு வாசனை உள்ளே வந்துவிடும்.

7. சிடி ஸ்கேன்: இப்போதுதான்

கழுவலும் ஸ்ப்ரேயும் ஒழுங்காக, டாக்டர் தேவையென்று சொன்ன ஆண்டிபயாடிக் முழுக் காலமும் முடிந்து, அதன் பிறகும் தொல்லை அப்படியே இருந்தால்தான் ஸ்கேன். காரணம் இரண்டு. ஒன்று கதிர்வீச்சு. மற்றது, ஜலதோஷத்தின்போது எடுத்தால் எந்தக் குழந்தைக்கும் சைனஸ் மங்கலாகத்தான் தெரியும். தலையில் அடிபட்டு எடுத்த ஸ்கேனில் கூட அப்படித் தெரிவது சகஜம். மருந்துக்குப் பிறகும் எது தெளியாமல் நிற்கிறது என்பதே டாக்டருக்கு வேண்டிய தகவல்.

அறிக்கையில் 'நெற்றி சைனஸ் வளரவில்லை' என்று பார்த்து அலற வேண்டாம். கன்னத்துச் சைனஸும் கண்களுக்கு நடுவே உள்ளதும் பிறக்கும்போதே உண்டு. நெற்றியில் உள்ளது பள்ளி வயதில்தான் உருவாகத் தொடங்கி, பதின்ம வயது வரை வளரும்.

மூக்குக்குள் சதை (பாலிப்) வளர்ந்திருந்தால் கதை வேறு. ஒரு பக்கச் சதை, அலர்ஜியோடு வரும் பூஞ்சை சைனஸ் போன்றவற்றுக்கு ஆபரேஷன் தேவைப்படும், அங்கே மருந்தை மாதக்கணக்கில் இழுப்பதில் அர்த்தமில்லை. சின்னக் குழந்தைக்கு இரண்டு பக்கமும் சதை இருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளியைக் கெட்டியாக்கும் பரம்பரை நோய்) உண்டா என்று வியர்வைப் பரிசோதனை செய்வார்கள். அடிக்கடி நிமோனியா, காதில் சீழ் என்றால் நோய் எதிர்ப்புச் சக்தியையும் பார்ப்பார்கள். இவற்றைக் கண்டுபிடிக்காமல் ஆபரேஷன் செய்தால் நோய் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

8. ஆபரேஷன் என்றால், பெரும்பாலும் அடினாய்டு முதலில்

12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, அதிலும் ஆறு வயதுக்குக் கீழே, சைனஸைத் தொடும் முன் அடினாய்டை எடுப்பதே முதல் ஆபரேஷன். கிருமிகள் படலமாகப் படிந்து உட்கார்ந்திருக்கும் இடம் அது. எடுத்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வேறு ஆபரேஷனே தேவைப்படுவதில்லை. சில இடங்களில் அதே மயக்கத்தில் கன்னத்துச் சைனஸைக் கழுவியும் விடுவார்கள்.

'சின்ன சதைதானே, நேரே சைனஸையே பார்த்துவிடுங்கள்' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அடினாய்டு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, சிறியதும் கிருமியைத் தேக்கும். உள்நாக்கு இரண்டாகப் பிளந்தது போல இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு அடினாய்டை முழுதாக எடுத்தால் பேச்சு மூக்கால் வரலாம்.

9. எண்டோஸ்கோப்பி சைனஸ் ஆபரேஷன்

மருந்தும் அடினாய்டு ஆபரேஷனும் பலன் தராத குழந்தைக்கும், 7-ஆவது படியில் சொன்ன சதை, பூஞ்சை உள்ளவருக்கும், கண்ணுக்குச் சீழ் பரவியவருக்கும் இது. வெளியே தழும்பு இருக்காது, எல்லாம் மூக்குத் துளை வழியாகத்தான். குழந்தைகளுக்குப் பொதுவாக அளவாகவே செய்வார்கள்: கன்னத்துச் சைனஸின் வாசல், கண்களுக்கு நடுவே முன்பக்க அறைகள்.

'முகம் வளராமல் போய்விடுமா?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்துகொண்ட குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் முக வளர்ச்சி பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. கண், மூளையடித்தளம் பக்கத்தில் இருப்பதால் அங்கே காயம் ஏற்படும் ஆபத்து உண்டு. அனுபவமுள்ள கையில் அது அரிது. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: எந்தெந்த சைனஸைத் திறக்கப் போகிறீர்கள், குழந்தைகளுக்கு அடிக்கடி செய்கிறீர்களா, மூக்கில் வைக்கும் பஞ்சு தானே கரையுமா, எடுக்க இன்னொரு மயக்கம் வேண்டுமா?

திட்டமிட்ட ஆபரேஷன் என்பதால் காப்பீட்டு முன் அனுமதியை அட்மிட் ஆகும் முன்பே வாங்குங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையில் உள்ள அந்தத் திட்டத்தின் கவுன்ட்டரில் இந்த ஆபரேஷனுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை வரம்பு.

10. முந்தைய வாரமும் அந்த நாளும்

ஆஸ்துமா இருந்தால் அது கட்டுக்குள் இருக்க வேண்டும், இன்ஹேலரை ஒருநாளும் விடக் கூடாது. புதிதாகக் காய்ச்சல், நெஞ்சுச் சளி, வீசிங் வந்தால் மறைக்காமல் போன் செய்யுங்கள். 'தேதி தள்ளிப்போயிடுமே' என்று மறைத்து வருபவர்கள் இருக்கிறார்கள். சளி பிடித்த மூச்சுக்குழாய் மயக்கத்தின்போது இறுக்கிக்கொள்ளும், ஆபத்து அங்கேதான். சில வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஆடும் பல் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். குழாய் போடும்போது விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா என்பதையும், கொடுக்கும் நாட்டு மருந்துகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெறும் வயிறு விஷயத்தில் பொது விதி இது: சாப்பாடும் பாலும் 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரம் வேறென்றால் அதையே கேளுங்கள். பால் தண்ணீர்க் கணக்கில் சேராது. 'குழந்தை அழுதது, அரை டம்ளர் ஹார்லிக்ஸ்தான் கொடுத்தேன்' என்றால் அன்றைய ஆபரேஷன் ரத்து. தாத்தா பாட்டியிடமும் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

11. முதல் இரண்டு வாரம்

மயக்கம் தெளிந்ததும் குழந்தை கத்தி அழுவது வழக்கம். விழுங்கிய ரத்தம் காப்பி நிறத்தில் ஒருமுறை வாந்தியாக வரலாம். தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். அடைத்துத் தும்மினால் காற்று அழுத்தம் பச்சைப் புண்ணில் போய் மோதும்.

வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால். டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்புநீர் கட்டாயம். சைனஸ் ஆபரேஷனில் வாசல் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது இந்தக் கழுவல்தான். ஐந்தாவது படியை முன்பே பழகிய குழந்தைக்கு இது வெறும் தொடர்ச்சி. புதிதாகத் தொடங்கும் குழந்தையோடு தினமும் போராட்டம்.

அடினாய்டு எடுத்தபின் ஒரு வாரத்துக்கு மேலும் வாய் நாறும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை: நிற்காத சிவப்பு ரத்தம், கண் வீக்கம், பார்வை மாற்றம், குனிந்தால் ஒரு பக்கமாகத் தெளிந்த தண்ணீர் சொட்டுவது, தலைவலியோடு காய்ச்சல். உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள், முடியாவிட்டால் 108.

பள்ளிக்கு ஒரு வாரம் லீவு. நீச்சலும் முட்டி மோதும் விளையாட்டும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

12. ஆபரேஷனுக்குப் பிறகும் அலர்ஜி மருந்து

இங்கேதான் அதிகக் குடும்பங்கள் வழுக்குகின்றன. மூக்கு திறந்துவிட்டது, குழந்தை வாய் மூடித் தூங்குகிறான், எதற்கு இன்னும் ஸ்ப்ரே என்று தோன்றும். சவ்வில் அலர்ஜி அப்படியே இருக்கிறது. அது வீங்கினால் அகலப்படுத்திய வாசலும் அடைபடும். உண்மையில் ஸ்ப்ரேயும் கழுவலும் உள்ளே நன்றாகப் போய்ச் சேர்வது இப்போதுதான். எப்போது குறைப்பது என்பதை டாக்டர் எண்டோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லட்டும்.

டெஸ்ட்டில் காரணம் தெளிவாகத் தெரிந்து, மருந்தை நிறுத்தும்போதெல்லாம் தொல்லை திரும்புகிற ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இம்யூனோதெரபி (அலர்ஜிப் பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது) பற்றிக் கேளுங்கள். ஊசியாகவோ நாக்கடியில் வைக்கும் மருந்தாகவோ மூன்று முதல் ஐந்து வருடம் போகும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது போடக் கூடாது. பாதியில் நிறுத்தினால் செலவு வீண், அதனால் மூன்று வருடம் விடாமல் போக முடியுமா என்று யோசித்துத் தொடங்குங்கள்.

சில மாதம் கழித்து மறுபடி கெட்டிச் சளி வந்தால் 'ஆபரேஷன் தோற்றுவிட்டது' என்று வேறு மருத்துவமனை தேட வேண்டாம். பழைய ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு, நோட்டு, ஸ்ப்ரே பாட்டில் நான்கையும் எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். பாட்டிலைக் கையில் கொடுத்து, குழந்தைக்கு அடித்துக் காட்டுவதில் இருந்து தொடங்குங்கள்.